டவர் இல்லாத நிலையத்தில் என்ன பேசுவது, எப்போது பேசுவது

சான் ஹோசேயில் இருக்கும் ரீட்-ஹில்வியூ நிலையத்தில் விமானம் ஓட்டக் கற்றவன் நான். அங்கே விமானங்களுக்கு ரேடியோவில் வழி சொல்லும் கட்டுப்பாட்டு டவர் உண்டு. திரும்பு என்பார்கள், திரும்புவோம். முன்னால் போகும் பைப்பர் விமானத்தைப் பின்தொடர் என்பார்கள், தொடர்வோம். இறங்கலாம் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் இறங்குவோம். சில வாரங்கள் கழித்துப் பயிற்சியாளர் என்னைத் தெற்கே வாட்சன்வில்லுக்குக் கூட்டிப்போனார். ஸ்ட்ராபெரிக்குப் பேர்போன கடலோர ஊர். இரண்டு ஓடுபாதைகள், டவர் கிடையாது. மைக் பொத்தானை அழுத்திவிட்டேன், வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. யாரிடம் பேசுகிறேன் என்றே புரியவில்லை.

“எல்லோரிடமும் பேசு” என்றார் அவர்.

அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் சுமார் 5,000. அவற்றில் டவர் உள்ளவை ஐந்நூற்றுச் சொச்சம்தான். மற்ற இடங்களில் விமானிகள் தங்களுக்குள் பேசி, தாங்களே பார்த்து, தாங்களே வரிசை போட்டுக்கொள்கிறார்கள். கமர்ஷியல் லைசென்ஸுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து டெக்சாஸுக்கும் ஃபுளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் வரும் பிள்ளைகள் இந்த நிலையங்களைத் தொடாமல் படிப்பை முடிப்பது அரிது. அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். இங்கே வரும் விதிகளும் எண்களும் அமெரிக்காவுக்கு உரியவை. கனடாவிலோ இந்தியாவிலோ பறப்பவர்கள் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் பதித்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். கொல்லிமலை ஏறும் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஹார்ன் அடிப்பார். அது அனுமதி கேட்பதல்ல. எதிரில் வருபவர் பதிலுக்கு அடிக்காவிட்டால் பாதை காலி என்று அவர் முடிவு செய்வதும் இல்லை. அடித்துக்கொண்டே கண்ணை வளைவில் வைத்திருப்பார், காலை பிரேக்கின் மேல் வைத்திருப்பார். டவர் இல்லாத நிலையத்தில் ரேடியோ என்பது அந்த ஹார்ன்தான். நீங்கள் பேசுவதைக் கேட்டதும், எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால் உங்களைக் காணலாம் என்று மற்றவருக்குத் தெரிய வேண்டும். அது தெரியாத அழைப்பு, எவ்வளவு கணீரென்று இருந்தாலும், வீண்.

கிளம்பும் முன்

வரைபடத்தில் டவர் உள்ள நிலையம் நீல நிறம், இல்லாதது மெஜந்தா. நிலையத்தின் பெயருக்குக் கீழே ஓர் அலைவரிசையும், அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் சி என்ற எழுத்தும் இருக்கும். அதுதான் சிடிஏஎஃப், அந்த நிலையத்துக்கான பொது அலைவரிசை. பேச்சு வழக்கில் சீடாஃப். 122.7, 122.8, 123.0 போன்ற சில எண்களையே நாடு முழுக்க நூற்றுக்கணக்கான நிலையங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ரேடியோ அலை நேர்கோட்டில் போவது. நீங்கள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறீர்களோ அவ்வளவு தூரத்து ஊர்களின் பேச்செல்லாம் காதில் விழும். சனிக்கிழமை காலையில் 5,000 அடியில் 122.8ஐத் திறந்தால் சந்தைக்கடை தோற்றது போங்கள்.

துண்டுக் காகிதத்தில் நான்கு விஷயங்களை எழுதித் தொடையில் கட்டிக்கொள்ளுங்கள்: சிடிஏஎஃப் எண், தானியங்கி வானிலை அறிவிப்பின் எண், எந்த ஓடுபாதைக்கு எந்தப் பக்கம் சுற்று, சுற்றும் உயரம். சுற்று என்பது இறங்கும் முன் ஓடுபாதையை ஒட்டிச் செவ்வகமாகப் பறக்கும் பாதை. பொது விதி இடப்பக்கச் சுற்று, தரையிலிருந்து 1,000 அடி. மலையோ ஊரோ குறுக்கே இருந்தால் சில ஓடுபாதைகளுக்கு வலப்பக்கம் என்று குறித்திருப்பார்கள். இதைத் தவறவிட்டால், சரியான ஆங்கிலத்தில் சரியாகப் பேசிக்கொண்டே எதிர்த் திசையிலிருந்து ஒருவர் முகத்துக்கு நேரே போய் நிற்பீர்கள்.

பிறகு அலைவரிசை. நான் சொதப்பிய கதை இது. லைசென்ஸ் வாங்கிய அடுத்த மாதம், ஹாலிஸ்டரிலிருந்து மேற்கே வாட்சன்வில்லுக்கு வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் திருப்பூரிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த ஒரு தம்பி. பத்து மைலில் அழைத்தேன், ஐந்து மைலில் அழைத்தேன். பதில் இல்லை. “இன்னைக்கு யாருமே இல்ல போலண்ணா” என்றான். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். சுற்றில் ஓடுபாதைக்கு இணையாகப் போகும் டௌன்விண்டுக்குள் நுழையும்போது, எங்கள் உயரத்திலேயே ஒரு வெள்ளை செஸ்னா முன்னால் போய்க்கொண்டிருந்தது. ரேடியோவைப் பார்த்தால் வாட்சன்வில் எண்ணைத் தயாராக வைத்திருக்கிறேன், ஆனால் மாற்றும் பொத்தானை அழுத்தவே இல்லை. அவ்வளவு நேரமும் ஹாலிஸ்டர்காரர்களுக்கு வாட்சன்வில் வர்ணனை கொடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். அலைவரிசை முழு அமைதியாக இருந்தால் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வதில்லை. எண் சரியா, மாற்றினேனா, சத்தம் குறைந்திருக்கிறதா, மைக் சரியான ரேடியோவுக்குத்தானே திருப்பியிருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்ப்பேன். ஐந்து வினாடி வேலை.

அழைப்பை எப்படிக் கட்டுவது

யாரை அழைக்கிறேன், நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன செய்யப் போகிறேன், மறுபடியும் யாரை அழைத்தேன். இந்த வரிசை மாறவே கூடாது.

“வாட்சன்வில் டிராஃபிக், செஸ்னா ஃபைவ் டூ குவெபெக், டென் மைல்ஸ் ஈஸ்ட், டூ தௌசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட், இன்பவுண்ட் ஃபார் லேண்டிங், வாட்சன்வில்.”

குவெபெக் என்பது விமான எண்ணில் வரும் கியூ எழுத்து. இதைச் சொல்ல எட்டு வினாடி போதும். ஊர்ப் பெயர் இரண்டு முறை வருவது அலங்காரத்துக்கல்ல. முதல் சொல்லைக் கேட்கும்போது பாதிப் பேரின் காது வேறெங்கோ இருக்கும். “டென் மைல்ஸ் ஈஸ்ட்” என்று கேட்டதும்தான் திடுக்கிடுவார்கள். எந்த ஊருக்குக் கிழக்கே என்று தெரிய கடைசிச் சொல் வேண்டும். அலைவரிசையைப் பத்து ஊர்கள் பகிர்ந்துகொள்ளும்போது, கடைசியில் ஊர்ப் பெயரை விழுங்குகிறவர் தபாலில் முகவரி எழுதாமல் பெட்டியில் போடுகிறவர்.

நான் யார் என்பதில் விமானத்தின் வகையைக் கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் எண்ணை வைத்துக்கொண்டு வானத்தில் யாரையும் தேட முடியாது. சின்ன செஸ்னா என்றால் பெரும்பாலும் மேலே இறக்கை, பைப்பர் என்றால் பெரும்பாலும் கீழே இறக்கை, கிங் ஏர் என்றால் வேகம். நிறத்தையும் சேர்ப்பவர்கள் உண்டு, நல்ல பழக்கம். ஆனால் எண்ணை விட்டுவிட்டு “மஞ்சள் விமானம்” என்று மட்டும் சொல்வது சரியல்ல.

எங்கே என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். தூரம், திசை, உயரம். மூன்றும் நிலையத்தை மையமாக வைத்து. “ஜெயிலுக்கு மேலே”, “பாலத்துக்குப் பக்கத்தில்” என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டு நாமும் பெரிய உள்ளூர்க்காரரைப் போலப் பேச ஆசை வரும். வெளியூரிலிருந்து வந்தவருக்கு எந்த ஜெயில், எந்தப் பாலம்? இதே தவறைக் கருவிகளை வைத்துப் பறக்கப் பழகுகிறவர்கள் வேறு விதமாகச் செய்கிறார்கள். வான்வழியில் ஐந்தெழுத்துப் பெயரிட்ட புள்ளி ஒன்றைச் சொல்லி, அதைக் கடந்து உள்ளே வருகிறேன் என்பார்கள். சுற்றில் இருக்கும் மாணவிக்கு அந்தப் பெயர் எந்த வரைபடத்தில் இருக்கிறது என்பதே தெரியாது. அவளுக்கு வேண்டியது “ஃபைவ் மைல்ஸ் நார்த்” என்ற மூன்று சொல்.

பொத்தானை அழுத்தும் முன் இரண்டு வினாடி கேளுங்கள். விமான ரேடியோ ஏஎம் முறையில் இயங்குவது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கேட்கிறவர்களுக்குக் கீச்சென்ற சத்தம்தான் வரும். பேசிய இருவருக்கும் அது தெரியவே தெரியாது, தங்கள் அழைப்பு போய்ச் சேர்ந்தது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். யாராவது “பிளாக்ட்” என்று சொன்னால் இருவரில் ஒருவர் மறுபடி சொல்ல வேண்டும். அழுத்திய பிறகு அரை வினாடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் “வாட்சன்வில்” என்பது “வில்” என்று போய்ச் சேரும்.

நம் ஆங்கில உச்சரிப்பைப் பற்றிப் பலருக்கும் கூச்சம். உச்சரிப்பால் யாரும் திண்டாடிப் பார்த்ததில்லை. வேகத்தால்தான் திண்டாடுகிறார்கள். பதற்றம் வந்தால் நாம் மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல் ஓட்டிவிடுகிறோம். எண்களைத் தனித்தனியாகச் சொல்லுங்கள், 20ஆம் ஓடுபாதை (எண் அது நோக்கும் திசையைக் குறிப்பது) “டூ ஜீரோ”தான், “ட்வென்ட்டி” அல்ல. ஒன்பதை “நைனர்” என்பது ஸ்டைலுக்கல்ல, ஃபைவும் நைனும் இரைச்சலில் ஒன்றுபோல் கேட்பதால். இன்னொன்று, மரியாதை. குட் மார்னிங் சர், தேங்க் யூ சர் எல்லாம் வேண்டாம். கேட்பவர் சர்தானா என்பதும் தெரியாது. அந்த ஒன்றரை வினாடியில் இன்னொருவர் தன் இடத்தைச் சொல்லியிருப்பார்.

பத்து மைலிலிருந்து பார்க்கிங் வரை

முதலில் வானிலை அறிவிப்பைக் கேட்டுக் காற்றின் திசையை வைத்து ஓடுபாதையைத் தீர்மானியுங்கள். வாட்சன்வில்லில் பெரும்பாலும் கடல்காற்று, பெரும்பாலும் 20. பத்து மைலுக்கு முன்பே சிடிஏஎஃபைத் திறந்து சும்மா கேளுங்கள். சுற்றில் எத்தனை பேர், எந்த ஓடுபாதையில், யார் கற்றுக்குட்டி, யாருக்கு அவசரம் என்பதெல்லாம் இரண்டு நிமிடத்தில் பிடிபடும். கேட்டு முடித்தவர் பாதி வேலையை முடித்தவர்.

பத்து மைலில் முதல் அழைப்பு, மேலே எழுதியதுதான். ஹாலிஸ்டர் பக்கமிருந்து வருபவர் 20ஆம் ஓடுபாதையின் இடப்பக்கச் சுற்றில் நுழைய வசதியான திசையில்தான் இருக்கிறார். ஓடுபாதைக்கு இணையாக எதிர்த் திசையில் போகும் டௌன்விண்டின் நடுப்பகுதியை நோக்கி, 45 டிகிரி சாய்வில் வர வேண்டும். சுற்றும் உயரத்துக்கு நுழைவதற்கு முன்பே இறங்கிவிடுங்கள். மேலிருந்து இறங்கிக்கொண்டே நுழைபவருக்குத் தன் மூக்குக்குக் கீழே இருப்பவர் தெரிய மாட்டார்.

“வாட்சன்வில் டிராஃபிக், செஸ்னா ஃபைவ் டூ குவெபெக், என்டரிங் ஃபார்ட்டி ஃபைவ், லெஃப்ட் டௌன்விண்ட், ரன்வே டூ ஜீரோ, ஃபுல் ஸ்டாப், வாட்சன்வில்.”

லெஃப்ட் என்ற சொல்லை விடாதீர்கள். ஃபுல் ஸ்டாப் என்பது, இறங்கி ஓடுபாதையை விட்டு வெளியேறப் போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குச் சொல்வது. தொட்டுவிட்டு மறுபடி கிளம்புவதாக இருந்தால் டச் அண்ட் கோ. உங்களுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதை அவர் இதை வைத்தே கணக்குப் போடுவார்.

பிறகு டௌன்விண்டில் ஒன்று, ஓடுபாதைக்குக் குறுக்காகப் போகும் பேஸுக்குத் திரும்பும்போது ஒன்று, ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கடைசிப் பகுதியான ஃபைனலில் ஒன்று. பேஸ் அழைப்பைத் திரும்பும்போதே சொல்வது நல்லது. சாய்ந்த இறக்கை வெயில் பட்டுப் பளிச்சிடும், தேடுகிறவர் கண்ணில் படும். திரும்புவதற்கு முன் ஃபைனல் பக்கம் நன்றாகப் பாருங்கள், நேராக உள்ளே வருகிறவர் அங்கேதான் இருப்பார். கூட்டமான நாளில் இத்தனை அழைப்பும் தேவையா என்றால், இல்லை. ஒரு காலைப்பொழுதில் சுற்றில் ஐந்து பேர் இருந்தபோது, ஒருவர் மட்டும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் இருபது வினாடி எடுத்துக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். மற்ற நால்வரும் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இறங்கியதும் ஓடுபாதையின் கோட்டை வால் உட்பட முழுவதும் தாண்டிய பிறகு, “க்ளியர் ஆஃப் ரன்வே டூ ஜீரோ.” சிலர் “க்ளியர் ஆஃப் தி ஆக்டிவ்” என்பார்கள். டவர் இல்லாத இடத்தில் எது ஆக்டிவ்? இருவர் இரண்டு ஓடுபாதைகளைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். எண்ணைச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது இன்ஜின் போட்டதுமே அலைவரிசையைத் திறந்து வையுங்கள். நகரும்போது ஓர் அழைப்பு. ஓடுபாதைக்குள் நுழையும் முன், விமானத்தையே கொஞ்சம் திருப்பி, ஃபைனலையும் பேஸையும் கண்ணால் பார்த்துவிட்டு, “டிபார்ட்டிங் ரன்வே டூ ஜீரோ, லெஃப்ட் டர்ன் டு தி ஈஸ்ட்.” எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதைச் சொல்லாமல் கிளம்புவது இண்டிகேட்டர் போடாமல் ஆட்டோ திரும்புவது மாதிரி. பத்து மைல் தாண்டும்வரை அதே அலைவரிசையில் காது இருக்கட்டும்.

பதில் வந்தது, ஆனால் யாருடையது?

1996 நவம்பர் 19, இல்லினாய் மாநிலம் குயின்சி. டவர் இல்லாத நிலையம், ஒன்றையொன்று வெட்டும் ஓடுபாதைகள், அந்தி நேரம். யுனைடெட் எக்ஸ்பிரஸின் பீச்கிராஃப்ட் 1900 ஒன்று 13ஆம் ஓடுபாதையில் இறங்க வந்துகொண்டிருந்தது. 04ஆம் ஓடுபாதையின் முனையில் ஒரு கிங் ஏர், அதன் பின்னால் தன் முறைக்காக ஒரு சின்ன செரோக்கி. பீச்கிராஃப்டின் விமானி கேட்டார்: 04இல் இருப்பவர் நிற்கப் போகிறீர்களா, கிளம்பப் போகிறீர்களா? கிங் ஏர் வாய் திறக்கவில்லை. பின்னால் இருந்த செரோக்கி விமானி, தன்னைக் கேட்டதாக நினைத்துப் பதில் சொன்னார், 04இல் புறப்பாட்டுக்காகக் காத்திருப்பதாக. அந்தப் பதிலில் கிங் ஏர் என்ற சொல்லும் இருந்தது. அதே கணத்தில் பீச்கிராஃப்டுக்குள் உயர எச்சரிக்கைக் குரல் ஒலித்துப் பதிலின் ஒரு பகுதியை மறைத்துவிட்டது. கிங் ஏர்தான் நிற்கிறேன் என்கிறது என்று நம்பி அவர்கள் இறங்கினார்கள். கிங் ஏர் கிளம்பியது. ஓடுபாதைகள் வெட்டும் இடத்தில் மோதின. இரண்டிலும் இருந்த பதினான்கு பேரும் இறந்தார்கள்.

கிங் ஏர் விமானிகள் பொது அலைவரிசையைச் சரியாகக் கவனிக்கவில்லை அல்லது வானத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதே விசாரணையில் முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. செரோக்கியின் இடையில் தடைபட்ட பதில் துணைக் காரணம். இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை மூன்று பழக்கங்கள். ஒருவரிடம் கேள்வி கேட்டால் அவருடைய விமானத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பேன். பதில் வந்தால் அது அவரிடமிருந்துதான் வந்ததா என்று எண்ணைப் பார்ப்பேன். சந்தேகம் இருந்தால் இறங்காமல் மேலே போய்ச் சுற்றி வருவேன். அடுத்தவருக்கான கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்வது உதவி மாதிரி இருக்கும். சொல்லியே ஆக வேண்டுமென்றால் முதலில் உங்கள் எண், பிறகு “நான் அவர் பின்னால் இருக்கிறேன்” என்பது, அப்புறம்தான் மற்றது.

எல்லோரும் பேசினார்கள்

குயின்சியில் கேள்விக்கு உரியவர் பதில் சொல்லவில்லை. 2022 ஆகஸ்ட் 18 அன்று வாட்சன்வில்லில் இருவருமே பேசினார்கள். சுற்றில் தனியாகப் பறந்துகொண்டிருந்த செஸ்னா 152 தன் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. இரட்டை இன்ஜின் செஸ்னா 340, பத்து மைலிலிருந்து நேராக 20ஆம் ஓடுபாதைக்கு வருவதாகச் சொன்னது, மூன்று மைலில் சொன்னது, ஒரு மைலிலும் சொன்னது. 152இன் விமானி, பின்னால் அது வேகமாக வருவதைப் பார்த்து, தான் இறங்காமல் மேலே போய்விடுவதாக அறிவித்தார். மோதல் நடந்துவிட்டது. மூன்று உயிர்கள் போயின.

கணக்கைப் பாருங்கள். 340 சுமார் 180 நாட் (மணிக்கு 180 கடல்மைல்) வேகத்தில் வந்தது. நிமிடத்துக்கு மூன்று மைல். பயிற்சி விமானம் பேஸில் 60, 65 நாட், நிமிடத்துக்கு ஒரு மைல் சொச்சம். “மூன்று மைல் ஃபைனல்” என்று ஒருவர் சொன்னால் மாணவர் தன் வேகத்தை வைத்தே அதை அளக்கிறார். இன்னும் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் இருக்கிறது, தாராளமாகத் திரும்பலாம். வந்தவருக்கோ அது ஒரு நிமிடம். மைலைச் சொன்னவர் பொய் சொல்லவில்லை, கேட்டவரும் தவறாகக் கேட்கவில்லை. இருவர் தலையிலும் வேறு வேறு கடிகாரம் ஓடியது.

ஆகவே வேகமான விமானத்தின் பெயரைக் கேட்டால் தூரத்தை மறந்துவிட்டு நேரத்தைக் கேளுங்கள். “எத்தனை நிமிடம்?” என்று கேட்பதில் தவறில்லை. அவர் எங்கே என்று கண்ணால் காணும்வரை பேஸுக்குத் திரும்ப வேண்டாம். “எக்ஸ்டெண்டிங் டௌன்விண்ட், நம்பர் டூ பிஹைண்ட் தி ட்வின்” என்று சொல்லி நேரே போய்க்கொண்டிருங்கள். நீங்கள் நேராக உள்ளே வருகிறவரானால் சுற்றில் இருப்பவர்களை ஊடறுத்துப் போக உங்களுக்கு உரிமை இல்லை. இறங்க வருபவர்களில் தாழ்வாக இருப்பவருக்கு முன்னுரிமை என்று விதி சொல்கிறது. அதைச் சாக்காக வைத்து அடுத்தவர் முன்னால் புகக் கூடாது என்பதையும் அதே விதியே சொல்கிறது. சுற்றில் ஆள் இருக்கும்போது நேராக வருவதை நான் விட்டுவிட்டேன். மிச்சமாவது நான்கு நிமிடம்தான்.

சொல்லக் கூடாதவை

“எனி டிராஃபிக் இன் தி ஏரியா, ப்ளீஸ் அட்வைஸ்.” அக்கம்பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று பொருள். எந்தச் சூழலிலும் இதைச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தன் கையேட்டிலேயே எழுதிவைத்திருக்கிறது. ஏன் இத்தனை கடுப்பு? இருக்கிறவர்கள் ஏற்கெனவே தங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதைக் கேட்டதும் ஐந்து பேரும் ஒன்றாகப் பதில் சொன்னால் கீச்சொலி மிஞ்சும், ஒருவரும் சொல்லாவிட்டால் கேட்டவர் ஆளில்லை என்று நினைப்பார். இரண்டுமே ஆபத்து. கல்யாணப் பந்தியில் நடுவே வந்து நின்று “எல்லோரும் எழுந்து பேர் சொல்லுங்க” என்பது போன்றது அது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், இடிக்கக்கூடிய இடத்தில் இருப்பவர் தானாகப் பேசுவார்.

யுனிகாம் என்று ஒன்று உண்டு. பெட்ரோல் நிரப்பும் கடைக்காரரோ அலுவலகத்தில் இருப்பவரோ பல இடங்களில் அதே அலைவரிசையில் பதில் சொல்வார். காற்று எப்படி, எந்த ஓடுபாதையைப் பயன்படுத்துகிறார்கள் என்று சொன்னால் நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் டவர் அல்ல. அவர் சொன்னதால் ஓடுபாதை காலியாகிவிடாது.

சண்டையும் வேண்டாம். யாரோ உங்கள் முன்னால் புகுந்துவிட்டால் அதை ரேடியோவில் விசாரிக்கத் தோன்றும். இறங்கி, காப்பி குடித்துக்கொண்டே பேசிக்கொள்ளலாம். அலைவரிசையில் வாக்குவாதம் ஓடும் ஒவ்வொரு வினாடியும் இன்னொரு மாணவரின் பேஸ் அழைப்பு விழுங்கப்படுகிறது.

ரேடியோவே இல்லாதவர்கள்

இத்தகைய நிலையங்கள் பெரும்பாலானவற்றில் ரேடியோ கட்டாயமில்லை. 1940களின் பைப்பர் கப் விமானங்களில் மின் அமைப்பே கிடையாது. இன்றும் அவை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மெதுவாக, தாழ்வாக, ஒரு சொல்லும் சொல்லாமல் சுற்றில் வந்து இறங்கிப் போகின்றன. மருந்து தெளிக்கும் விமானங்களும், தவறான அலைவரிசையில் வர்ணனை கொடுக்கும் என்னைப் போன்றவர்களும் உண்டு. ஆகவே உங்கள் திரையில் காட்டாத, காதில் விழாத ஒருவர் எப்போதும் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டே கழுத்தைத் திருப்புங்கள். உங்கள் ரேடியோவே செத்துப்போனால் பதற ஒன்றுமில்லை. சுற்று ஓட்டத்தை மேலிருந்து பார்த்து, எல்லோரும் எந்த ஓடுபாதையோ அதே ஓடுபாதைக்கு, முறைப்படி 45இல் நுழைந்து இறங்குங்கள்.

அந்தப் பொத்தானுக்கு இன்னொரு பயனும் இருப்பது இரவில்தான் தெரியும். பல நிலையங்களில் அதே அலைவரிசையில் ஐந்து வினாடிக்குள் மைக்கை ஏழு முறை தட்டினால் ஓடுபாதை விளக்குகள் முழு வெளிச்சத்தில் எரியும், ஐந்து முறைக்கு நடுத்தரம், மூன்று முறைக்கு மங்கல். பதினைந்து நிமிடம் இருக்கும். கறுத்த நிலத்தில் திடீரென்று இரண்டு வரிசை விளக்குகள் எழுந்து நிற்பதை முதல் முறை பார்த்தபோது நான் பேச வேண்டியதை மறந்துவிட்டேன்.

பழகுவதற்கு விமானம் வேண்டாம்

இன்ஜின் ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு. பேச்சுப் பயிற்சியைத் தரையிலேயே முடித்துவிடலாம். காகிதத்தில் ஓடுபாதையை வரைந்து, ஒரு சில்லறைக் காசைச் சுற்றில் நகர்த்திக்கொண்டே ஒவ்வொரு இடத்திலும் உரக்கச் சொல்லுங்கள். பிறகு ஓடுபாதை எண்ணை மாற்றுங்கள், வலப்பக்கச் சுற்றாக மாற்றுங்கள், இரண்டாவது காசு ஒன்றை நேராக உள்ளே வரவிட்டு என்ன சொல்வீர்கள் என்று பாருங்கள். இணையத்தில் சில நிலையங்களின் அலைவரிசையை நேரலையில் கேட்கலாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று காகிதத்தில் புள்ளி வையுங்கள். புள்ளி வைக்க முடியாமல் போகும் அழைப்பில் என்ன குறை என்பது உடனே தெரிந்துவிடும்.

திருப்பூர்த் தம்பிக்கு முதலில் மைக்கைப் பிடித்தால் கை நடுங்கும். “எழுதி வச்சுப் படிக்கலாமாண்ணா?” என்று கேட்டான். தாராளமாக என்றேன், நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு மாதம் கழித்து அவன் காரில் ஏறினேன். 101ஆம் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தவன் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, கண்ணாடியைப் பார்த்து, தோளுக்கு மேலே திரும்பியும் பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னான்: “கில்ராய் டிராஃபிக், வெள்ளை டொயோட்டா, ஒன் மைல் நார்த், ரைட் எக்ஸிட், ஃபுல் ஸ்டாப் ஃபார் காஃபி, கில்ராய்.”